கன்வெர்ட்டரைக் கழற்றுவதா, மாற்றுவதா, காப்பாற்றுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்போரில் பலருக்கு என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்து சேர்கிறது. என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0420 என்ற குறியீடு வருகிறது. பார்த்தவர் "கன்வெர்ட்டர் போய்விட்டது" என்று, அதாவது புகைக்குழாயில் நச்சுப் புகையை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று, ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். சைலன்சர் கடைக்காரர் அதை வெட்டியெடுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்துத் தருவதாகவும், பழையதைத் தானே எடுத்துக்கொண்டு கையில் கொஞ்சம் ராண்டும் கொடுப்பதாகவும் சொல்வார். உதிரிபாகக் கடையில் பல கார்களுக்கும் பொருந்தும் பொதுவகை ஒன்று மலிவாகக் கிடைக்கும். கார் நிறுவனத்தின் முகவரைக் கேட்டால், அவர் சொல்லும் விலை சில வேளை காரின் சந்தை மதிப்பையே நெருங்கிவிடும். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் வேறொரு காரிலிருந்து கழற்றிய ஒன்று மூலையில் கிடக்கும்.

ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு. அதை யாரும் எளிதில் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் விற்பதற்குப் பெரிய பொருள் எதுவும் இல்லை. கன்வெர்ட்டரைத் தொடாமல், என்ஜின் அதற்குள் அனுப்பும் புகையை முதலில் சீர்ப்படுத்துவதே அந்த வழி. இக்கட்டுரையில் ஐந்தையும் ஒப்பிடுகிறேன். ஆயினும் என் சாய்வை மறைக்கப்போவதில்லை. கன்வெர்ட்டர் தானாகச் செத்துப்போவது குறைவு. பெரும்பாலும் அதைக் கொல்வது அதற்கு முன்னால் இருக்கும் ஏதோ ஒரு கோளாறு. அந்தக் கோளாறு அப்படியே இருக்கையில் புதிதாக எதை வாங்கிப் பொருத்தினாலும், அது விலை உயர்ந்ததோ மலிவானதோ, பழையது போன வழியிலேயே போகும்.

இந்தப் பொருளின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்லாமல் ஒப்பீட்டுக்குள் போக முடியாது. எஃகுக் கூட்டுக்குள் பீங்கானால் ஆன தேன்கூடு போன்ற ஒரு கட்டை இருக்கிறது. அதில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அளவில் நுண்துளைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. துளைச் சுவர்களில் அலுமினாப் பூச்சும், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் சில கிராம் அளவுக்கு மிக நுண்ணிய துகள்களாகவும் படிந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் அங்கே ஆக்சிஜனைப் பெற்றுக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் தம் ஆக்சிஜனை இழந்து வெறும் நைட்ரஜனாகின்றன. பிந்திய வேலையில் ரோடியத்துக்கு இணையான உலோகம் இல்லை. இந்த மூன்று உலோகங்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. உலகச் சுரங்கங்களில் எடுக்கப்படும் பிளாட்டினத்தின் பெரும்பங்கும், ரோடியத்தின் அதனினும் பெரிய பங்கும் ரஸ்டன்பர்க்கைச் சுற்றிய புஷ்வெல்ட் பாறையடுக்கிலிருந்தே வருகின்றன. இன்று கெபேஹா எனப் பெயர் மாறியுள்ள போர்ட் எலிசபெத்தில் கன்வெர்ட்டர் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழில் பல்லாண்டுகளாக நடக்கிறது. நம் நாட்டு மண்ணிலிருந்து எடுத்ததையே நம் காரிலிருந்து வெட்டி விற்கிறோம் என்பது வேறு கதை.

ஆக்சிஜனைச் சேர்ப்பதும் பறிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். இரண்டும் ஒரே கட்டைக்குள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால், உள்ளே வரும் புகையில் ஆக்சிஜன் மிகுந்தும் இருக்கக்கூடாது, குறைந்தும் இருக்கக்கூடாது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பதே அந்தச் சமநிலை. இதிலிருந்து நூற்றில் ஒரு பங்கு விலகினாலே மூன்று நச்சுகளில் ஒன்றேனும் மாறாமல் வெளியேறத் தொடங்கும். அதனால்தான் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார் வைத்திருக்கிறார்கள். பழைய கார்களில் அது பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவையும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவையும் காட்டும். காரின் கணினி அதைப் பார்த்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருப்பதால், அந்த அளவு நொடிக்கு ஒரு முறை போல ஏறி இறங்கும். பீங்கான் பூச்சில் கலந்திருக்கும் சீரியம் ஆக்சைடு, மிகும்போது ஆக்சிஜனை வாங்கி வைத்துக் குறையும்போது திருப்பிக் கொடுத்து இந்த அலைவைத் தணிக்கிறது. ஆகவே நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் அசையாமல் நிற்கும்.

பி0420 என்ற குறியீட்டின் பொருள் இதிலிருந்து விளங்கும். பின் சென்சார் முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது என்பதைத்தான் கணினி சொல்கிறது. கன்வெர்ட்டரின் ஆக்சிஜன் சேமிக்கும் திறன் குறைந்திருப்பது அதற்கு ஒரு காரணம். ஒரே காரணம் அன்று. பின் சென்சார் பழுதடைந்திருக்கலாம், அல்லது இரண்டுக்கும் இடையில் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். கடல் உப்புக் காற்று வீசும் மேர்பேங்க், இசிப்பிங்கோ, ப்ளஃப் பகுதிக் கார்களில் இந்தத் துரு உள்நாட்டுக் கார்களைக் காட்டிலும் விரைவாக வருகிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வாங்கி வந்த கார்கூட இங்கே சில ஆண்டுகளில் அடிப்பகுதி செம்பழுப்பாகிவிடும். புகை துடிப்புத் துடிப்பாகப் பாய்வதால், ஓட்டை வழியே அது வெளியே கசிவதோடு வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது. முன் சென்சாருக்கு முன்னால் அப்படி ஓர் ஓட்டை இருந்தால், சென்சார் 'காற்று மிகுதி' என்று பொய்ச் செய்தி அனுப்பும்; கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும்; கூடிய பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரியும். ஒரு சிறிய துருவோட்டை ஒரு விலையுயர்ந்த கட்டையை அழிப்பது இப்படித்தான்.

கன்வெர்ட்டர் கெடுவதற்கு வழிகள் மூன்று. முதலாவது சூடு. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸில் வேலையைத் தொடங்கி, 400 முதல் 800 பாகைக்குள் அது நிம்மதியாக இயங்குகிறது. ஒரு சிலிண்டரில் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி தவறினால், அங்கே எரியாத பெட்ரோலும் காற்றும் சேர்ந்து கன்வெர்ட்டருக்குள் வந்து எரிகின்றன. சூடு 1000 பாகையைத் தாண்டும்போது உலோக நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, வேலை செய்யும் பரப்பு சுருங்கிவிடுகிறது. அது இன்னும் ஏறினால் பீங்கானே உருகும். அப்படி உருகிய ஒன்றை வெட்டித் திறந்து பார்த்தால், ஓரத்தில் துளைகள் ஒழுங்காக இருக்க, நடுவே அவை மூடிக் கறுத்துப் பளபளக்கும் கண்ணாடிக் கட்டியாகிக் கிடப்பது தெரியும். என்ஜின் விளக்கு எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது: சிமிட்டினால், கன்வெர்ட்டரைச் சேதப்படுத்தும் அளவுக்குப் பொறி தவறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அந்த நிலையில் மெதுவாகவாவது வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டுவது கூடாது.

இரண்டாவது நஞ்சு. ஈயம் இவற்றில் கொடியது. அதனால்தான் அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தபோதே ஈயமில்லாப் பெட்ரோலும் உடன் வர வேண்டியிருந்தது. நம் நாட்டில் ஈயமில்லாப் பெட்ரோல் 1996இல் வந்தது, ஈயம் கலந்தது 2006 ஜனவரி 1 முதல் நின்றது. எனவே இன்று அந்தக் கவலை இல்லை. மிஞ்சியிருப்பவை என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கப்படும் பாஸ்பரசும் துத்தநாகமும், கூலண்டிலும் சில சிலிக்கோன் பசைகளிலும் உள்ள சிலிக்கானும், பெட்ரோலிலேயே உள்ள கந்தகமும். கந்தகத்தின் பாதிப்பு நல்ல சூட்டில் ஓரளவு நீங்கக்கூடியது. பாஸ்பரசும் சிலிக்கானும் துளைச் சுவரில் கண்ணாடிபோல் மூடிவிடுவதால் அவை எளிதில் போகமாட்டா. மூன்றாவது வழி உடைவு. கொதிக்கும் கன்வெர்ட்டரோடு வெள்ள நீருக்குள் காரை இறக்கினால் பீங்கான் விரிசல் விடும். தாழ்ந்த பாலங்கள் நிறைந்த குவாசுலு நாட்டாலில் மழைக்காலத்தில் இதை நினைவில் வைப்பது நல்லது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். கழற்றிவிடுவது என்ற முதல் வழி வேரூன்றியிருப்பதற்குக் காரணம் தெளிவானது. நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் புகையை அளக்கும் கட்டாயம் கிடையாது. ரோட்வர்த்தி சான்றிதழ் தேவைப்படுவது கார் கைமாறும்போதுதான். பிடிபடும் அச்சமில்லை, செலவுமில்லை, மாறாகக் கையில் பணம் வருகிறது. 2021இல் ரோடியம் ஓர் அவுன்ஸ் 20,000 டாலரைத் தாண்டிப் போனபோது இந்தப் பேரம் எவ்வளவு சூடுபிடித்தது என்பதை ஊரில் எல்லோரும் கண்டார்கள். அந்த விலை பின்னர் வெகுவாக இறங்கிவிட்டது. பேரம் மட்டும் நிற்கவில்லை.

ஆனால் அந்தப் பேரத்தில் விற்பவருக்குக் கிடைப்பது எப்போதும் சிறுபங்கே. கட்டைக்குள் உள்ள உலோகத்தின் அளவு மாடலுக்கு மாடல் பெரிதும் மாறுபடும். அந்தப் பட்டியல் வாங்குபவர் கையில் இருக்கிறது, கார்க்காரர் கையில் இல்லை. வண்டியின் இழுவிசை கூடும் என்று சொல்லப்படுவதும், அடைத்துப்போன கன்வெர்ட்டரை எடுத்தால் மட்டுமே உணரும்படி உண்மையாகும். அடைப்பில்லாத ஒன்றை எடுப்பதால் அன்றாட ஓட்டத்தில் கூடுவது ஒலியும் நாற்றமும்தான். பின் சென்சார் சும்மா இருக்காது. அதை ஏமாற்ற, புகையோட்டத்திலிருந்து அதைத் தள்ளிவைக்கும் ஒரு நீட்டுத் திருகு போடுவார்கள், அல்லது கணினியின் நிரலையே மாற்றுவார்கள். அதன் பிறகு அந்த விளக்கு சொல்லும் எதையும் நம்ப முடியாது. நல்ல நிலையிலுள்ள கன்வெர்ட்டர், சூடேறிய பின் மூன்று நச்சுகளிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடுகிறது; எனவே கழற்றிய ஒரே கார், கழற்றாத பல கார்களின் புகையைத் தனியாக வெளியிடுகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகைக்கு எதிராக மேர்பேங்கும் வெண்ட்வர்த்தும் தலைமுறைக் கணக்கில் குரல் கொடுத்திருக்கின்றன. அதே தெருக்களில் பள்ளி வாசலில் வரிசையாக நின்று புகைவிடும் கார்களில் கன்வெர்ட்டர் இல்லாதவற்றை எந்த முகத்தோடு நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பின்கண்ணாடி வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரக்கூடும் என்பதால், இது பின்னிருக்கையில் அமரும் பிள்ளைகளின் கேள்வியும் ஆகும். விலை ஒன்றையே பார்ப்பவருக்கு மட்டுமே இந்த வழி முதலிடம் பெறும். என் கணக்கில் இது ஒப்பீட்டிலேயே நிற்பதில்லை.

பொதுவகைக் கன்வெர்ட்டர் மலிவாக இருப்பதற்குக் காரணம் எஃகோ வேலைத்திறனோ அன்று. உள்ளே உலோகம் குறைவு, சீரியம் ஆக்சைடும் குறைவு. அமெரிக்கச் சட்டமே இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை: காரோடு வரும் அசல் கன்வெர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் கேட்கும் அந்நாடு, பின்னால் வாங்கிப் பொருத்தும் வகையின் செயல்திறனுக்கு 25,000 மைல், அதாவது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் அளவில் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே மலிவு வகை விரைவில் தளர்வதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கொடுத்த காசுக்கு அவ்வளவுதான். பின் சென்சாரின் அளவுகோல் கறாராக உள்ள கார்களில், புதிதாகப் போட்ட சில மாதங்களிலேயே அதே பி0420 திரும்பி வந்து ஆளைக் கலங்கடிப்பதும் உண்டு. ஆனாலும் இதை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். நம் நாட்டில் புதிய கார்களுக்குச் சட்டம் கேட்கும் நிலை யூரோ 2 என்ற பழைய ஐரோப்பியப் புகை வரம்பு மட்டுமே. அந்தக் காலத்து எளிய கார்களில், பின் சென்சாரே இல்லாத மாடல்களிலும்கூட, என்ஜின் சீராக ஓடுமானால் நல்ல தயாரிப்பாளரின் பொதுவகை பல ஆண்டு உழைக்கும். வாங்கும்போது என்ஜின் கொள்ளளவுக்கு ஏற்றதா என்று கேட்க வேண்டும், 1.4 லிட்டர் காருக்கு உரியதை 2 லிட்டர் காரில் போட்டால் புகை அதற்குள் தங்கும் நேரம் போதாது. பற்றவைப்பவர் பழையது இருந்த அதே இடத்தில் வைக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். வசதிக்காகப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் அது சூடேறத் தாமதமாகும். ஒரு சிறு பயணத்தின் மாசில் பெரும்பகுதி வெளியேறுவது தொடக்க நிமிடங்களில்தான்.

அசல் உதிரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உழைப்பில் அதற்கு இணையில்லை, விலையிலும் இணையில்லை. ஐந்தாறு ஆண்டுக்குள்ளான காராகவோ, புகைக்குழாய்த் தலையோடு சேர்ந்தே கன்வெர்ட்டர் வார்க்கப்பட்ட மாடலாகவோ இருந்தால் பெரும்பாலும் வேறு வழியில்லை. பதினைந்தாண்டுக் காருக்கு அந்தப் பணத்தைப் போடுவதற்கு முன் என்ஜினின் உடல்நலத்தை ஒருமுறை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

யார்டில் கிடைக்கும் பழையதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அது விபத்தில் நொறுங்கிய நல்ல காரிலிருந்து வந்ததா, ஆயில் குடித்துச் செத்த காரிலிருந்து வந்ததா என்பது வெளியிலிருந்து தெரியாது. அதைவிட, இரவில் யாரோ ஒருவர் காரின் அடியிலிருந்து அறுத்த ஒன்றாகவும் அது இருக்கலாம். பழைய பொருள் வாங்கி விற்போர் பதிவு பெற்றிருக்க வேண்டும், யாரிடம் வாங்கினோம் என்று ஏட்டில் எழுத வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ரசீதும் மூலக்காரின் விவரமும் தர மறுக்கும் யார்டில் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வதே முறை.

இப்போது ஐந்தாவது வழி. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் செலவில் இது பெரும்பாலும் எல்லாவற்றிலும் குறைவானது, கேட்பதோ பொறுமை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், பிளக் வயர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்தால், மூன்று இளம்பழுப்பாகவும் ஒன்று ஈரக் கறுப்பாகவும் இருப்பதிலேயே பாதிக் கதை வெளிப்பட்டுவிடும். அந்த ஈரமான பிளக்கின் சிலிண்டர்தான் கன்வெர்ட்டருக்கு எரியாத பச்சைப் பெட்ரோலை அனுப்பிக்கொண்டிருந்தது. அடுத்து ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் என்ற எண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சமநிலையைக் காக்கக் கணினி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ வருகிறது என்பதை அது சொல்கிறது. ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது காற்றளவு சென்சாரில் அழுக்கு ஏறியிருக்கிறது. இந்த எண்ணைப் பார்க்காமல் கன்வெர்ட்டர் மாற்றச் சொல்பவர் பாகம் விற்பவரே அன்றி நோய் பார்ப்பவர் அல்லர்.

முன் சென்சார் வயதானால் மெதுவாகிவிடும். எல்லை மீறிய பின்னரே விளக்கெரியும், அதுவரை கலவை தவறாகவே இருந்துவரும். ஆகவே 1,50,000 கிலோமீட்டர் தாண்டிய காரில் புதிய கன்வெர்ட்டர் போடுவதானால் முன் சென்சாரையும் உடன் மாற்றுவதே சிக்கனம். வெயில் ஊர் என்பதற்காக, என்ஜின் சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. என்ஜின் வெப்பநிலைக்கு வரவில்லை என்று கணினி எண்ணிக்கொண்டு, வேண்டியதைவிடக் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஓடும் என்ஜினில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கி எந்தச் சிலிண்டர் ஓடவில்லை என்று காதால் கண்டுபிடிப்பது கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறன். கன்வெர்ட்டர் உள்ள காரில் அந்தக் கைத்திறன் வயர் பிடுங்கிய ஒவ்வொரு முறையும் உள்ளே பச்சைப் பெட்ரோலைத் தள்ளுகிறது. சாட்ஸ்வொர்த் மேடுகளில் பேட்டரி இறங்கிய காரைச் சரிவில் உருட்டிக் கிளப்புவதும் அத்தகையதே. பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஜம்பர் கேபிள் கேட்பது எல்லா வகையிலும் மலிவு.

ஆயில் குடிக்கும் என்ஜினில் கணக்கு மாறுகிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்என் தரத்தில் வரும் மெல்லிய வகை ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு கன்வெர்ட்டரை முன்னிட்டே வந்தது. ஆனால் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எரிக்கும் என்ஜினுக்கு எந்த ஆயிலை ஊற்றினாலும் நஞ்சு சேர்ந்தே தீரும். வால்வு சீல் மட்டும் கெட்டிருந்தால் சரிசெய்துவிடலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்தச் செலவு கன்வெர்ட்டர் செலவை விழுங்கிவிடும். ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலண்ட் குறைந்துகொண்டே வந்தாலும் அப்படித்தான். அந்த நிலையில் உள்ள காருக்கு அசல் உதிரி வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். மூலக்கோளாறைச் சரிசெய்து பொதுவகை போடலாம், அல்லது காரை விட்டுவிடலாம்.

பெட்ரோல் பம்பில் 93 ஆக்டேனுக்குப் பதில் 95 போட்டால் கன்வெர்ட்டருக்கு நல்லது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அந்த எண், பெட்ரோல் என்ஜினுக்குள் தானாக வெடித்துத் தட்டுவதைத் தாங்கும் திறனைக் குறிக்கிறது. புகையின் தூய்மையை அன்று. உள்நாட்டு மேட்டுநிலத்தில் காற்று மெலிந்திருப்பதால் 93 போதும், கடலோரத்தில் பல கார்கள் 95 கேட்கும், அவ்வளவே. கன்வெர்ட்டருக்கு உண்மையில் வேண்டியது கந்தகம் குறைந்த பெட்ரோல். கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கும் விதி 2027 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. புட்டியில் விற்கும் கன்வெர்ட்டர் சுத்திகரிப்புத் திரவங்களைப் பொறுத்தவரை, அவை இன்ஜெக்டரைச் சற்றுத் தூய்மை செய்யக்கூடும்; ஒட்டிப்போன உலோகத் துகள்களைப் பிரிக்கவோ, உருகிய பீங்கானைத் திறக்கவோ எந்தத் திரவத்தாலும் ஆகாது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் கரி படிந்திருந்தால் அதற்கு வேறு மருந்து இருக்கிறது: என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறும் 80 கிலோமீட்டர். ஏற்றத்தில் தொடர்ந்து சூடாக ஓடும்போது கரியும் கந்தகமும் ஓரளவு எரிந்து போகின்றன. மூலக்கோளாறு தீர்ந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். பொறி தவறும் காரை ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஏற்றினால் மிச்சமிருப்பதும் உருகும்.

எந்தக் காருக்கு எந்த வழி என்பதை, கன்வெர்ட்டர் எவ்வாறு கெட்டது என்ற கேள்விதான் முடிவு செய்ய வேண்டும். ரப்பர்ச் சுத்தியலால் கூட்டை மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென்று கேட்டால் பீங்கான் உடைந்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி வைத்து, என்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைத்தால் அழுத்தம் 20 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். வெகுவாக மீறினால் கட்டை உருகி அடைத்திருக்கிறது, அல்லது பின்னால் சைலன்சர் அடைத்திருக்கிறது. இவை இரண்டும் இல்லாமல், வண்டி இழுவை குறையாமல், பி0420 மட்டும் வந்திருக்கிறதென்றால் அவசரமே இல்லை. புகைக்குழாய்க் கசிவையும் பொறியையும் ஃபியூயல் டிரிம்மையும் சரிசெய்து, குறியீட்டை அழித்து, நெடுஞ்சாலை ஓட்டம் உட்பட ஓரிரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். குறியீடு திரும்பி வராத கார்கள் பல உண்டு. திரும்பி வந்தாலும், சீரான என்ஜினுக்குப் பின்னால் போடப்போகும் புதியது நீடிக்கும் என்ற உறுதியாவது கிடைத்துவிடும். அப்போது பழைய காருக்குத் தரமான பொதுவகையும், புதிய காருக்கு அசலும் என்பது என் தேர்வு.

எதைப் போட்டாலும், சூட்டைத் தடுக்கும் தகடு திரும்பப் பொருத்தப்பட்டதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும். துருப்பிடித்து ஆடுகிறது, சத்தம் போடுகிறது என்று அதைப் பிய்த்தெறிந்துவிடும் கடைகள் உண்டு. வறண்ட குளிர்காலத்தில் கரும்புக்காட்டோரம் இருக்கும் கோயில் திடலில், காய்ந்த புல்லின்மேல் கார்களை நிறுத்துகிற நமக்கு, புல் தீப்பிடிக்காமலிருக்க அந்தத் தகடு வேண்டும். பணம் கொடுக்கும் முன் ரசீதில் மூன்று விவரங்களை எழுதித் தரச் சொல்லலாம்: பொருத்திய கன்வெர்ட்டரின் தயாரிப்பாளர் பெயரும் உத்தரவாத அளவும், வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேனர் காட்டிய ஃபியூயல் டிரிம் எண்கள், பழைய கன்வெர்ட்டரை யார் எடுத்துக்கொண்டார்கள் என்ற குறிப்பு. பழைய கன்வெர்ட்டர் கார்க்காரரின் சொத்து. கடைக்காரர் வைத்துக்கொள்வதானால் அதன் விலையைக் கூலியில் கழிக்கும்படி தயங்காமல் கேட்கலாம்.